ஒரு திர்ஹம் அளவு வெண்மை

மாலை மங்கும் நேரம். விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் ஆலை வேன்கள் வந்து நிற்கின்றன. பகலெல்லாம் பட்டாசு ஆலைகளில் உழைத்த பெண்டிர் சாப்பாட்டுத் தூக்கோடு ஒவ்வொருவராக இறங்குகின்றனர். அவர்களுள் சிலருடைய கைகள் முழங்கை வரை வெள்ளி முலாம் பூசியவை போல் மின்னும். அலுமினியப் பவுடர். தேங்காய் எண்ணெய் தடவிச் சோப்பிட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணிலும் கைரேகைகளிலும் சற்று மிஞ்சியே தீரும். அந்தக் கைகளைக் கண்டு ஒருவரும் ஒதுங்குவதில்லை. அவை நீட்டும் காசை வாங்கக் கடைக்காரர் தயங்குவதில்லை. அவை பிசைந்து கொடுக்கும் சோற்றை உண்ணப் பிள்ளைகள் தயங்குவதில்லை. தயங்கவும் வேண்டியதில்லை. ஆனால் அதே வேனிலிருந்து இறங்கும் ஒரு பெண்ணின் புறங்கையில் இறைவன் இட்ட வெண்மை ஒரு காசளவு இருந்தால் ஊர் என்ன செய்கிறது?

இதைப் பற்றி எழுத எனக்கு ஓர் உரிமை உண்டு. ஒரு கடனும் உண்டு. உரிமை, நெடுங்காலமாக மதரஸாவில் பிக்ஹுப் பாடம் சொல்லிக் கொடுப்பதால் வந்தது. கடன், அந்தப் பாடத்தை ஒருமுறை அரைகுறையாகச் சொல்லி ஒரு பெண்ணை நோகச் செய்ததால் வந்தது.

2008ஆம் ஆண்டு, ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்தபின் அன்பர் ஒருவர் என்னைப் பள்ளிவாசல் ஹவுளின் ஓரமாகத் தனியே அழைத்துச் சென்றார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். மகளுக்கு வயது இருபது. நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பெண்ணின் இடது முழங்கையிலும் புறங்காலிலும் வெள்ளைத் திட்டுகள் சில உள்ளன. உடையால் மறையக்கூடியவை. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா, சொல்லாமலே நிகாஹை முடித்துவிடலாமா?

என் நாவில் விடை ஆயத்தமாக இருந்தது. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள் என்பதும், மேலே உலர்ந்திருந்த அக்குவியலின் உள்ளே ஈரம் தட்டுப்பட்டது என்பதும், மழையில் நனைந்ததை மேலே வைக்காமல் ஏன் மறைத்தாய் என்று அவ்வணிகனைக் கண்டித்தார்கள் என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி. அதை அவரிடம் சொன்னேன். திருமண ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் விருப்பத்தைத் தரக்கூடிய குறைகளுள் 'பரஸ்' எனப்படும் வெண்மையையும் ஷாபிஈ இமாம்கள் எண்ணியிருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். "சொல்லிவிடுங்கள் தம்பி, மறைத்தால் அது மோசடி" என்று முடித்தேன்.

அவர் நேர்மையாளர், சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் ஆள் வந்தது. இஸ்திகாராவில் நல்ல குறிப்புத் தென்படவில்லையாம்! வேண்டாத சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்க இறைவனிடம் வழிகேட்கும் தொழுகையைச் சாக்காக்கிக் கொள்ளும் வழக்கம் நம் சமுதாயத்தில் எந்தக் காலத்தில் புகுந்ததோ, அறியேன். அத்தோடு நின்றிருந்தாலும் தாழ்வில்லை. ஒரு வாரத்துக்குள் செய்தி தெருக்குழாயடிக்கு வந்துவிட்டது. உடையால் மறைந்திருந்தது ஊருக்கெல்லாம் வெளிப்பட்டது. அப்பெண்ணின் தங்கைக்கும் வரன் பேச அஞ்சினர்.

ஆறுதல் சொல்ல அவ்வீட்டிற்குச் சென்றேன். உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். யமன் நாட்டவரான அப்பெரியாருக்கு மேனியெங்கும் வெண்மை இருந்தது, அவர் இறைஞ்சினார், இறைவன் நீக்கினான், ஆயினும் ஒரு திர்ஹம் நாணயத்தின் அளவு மட்டும் எஞ்சியிருந்தது. அந்த ஒரு திர்ஹம் அளவு வெண்மையை அடையாளமாகச் சொல்லி, அவரைச் சந்தித்தால் உங்களுக்காகப் பாவமன்னிப்பு வேண்டச் சொல்லுங்கள் என்று உமர் (ரலி) அவர்களிடம் நபிகளார் அறிவித்திருந்தார்கள். உமரே தேடிப் போய்த் துஆக் கேட்ட மனிதரின் அடையாளம் அந்த வெண்திட்டு. இதைக் கேட்டு அவள் மனம் தேறும் என்று நினைத்தேன்.

கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "உவைஸ் ஆண்பிள்ளை, ஹஜ்ரத்."

நான் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அவளே மீண்டும் கேட்டாள்: "ஈரம் பட்ட தானியம் என்று அத்தாவிடம் என்னைத்தானே சொன்னீர்கள்?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் சொன்ன ஹதீஸ் உண்மை. நான் சொன்ன சட்டமும் நூலில் உள்ளதுதான். பின் எங்கே பிழை? அலமாரியில் இருந்த கிதாபுகளை எடுத்து அந்தப் பாடத்தை மாணவனைப் போல் மறுபடி படிக்கத் தொடங்கினேன்.

முதலாவதாகக் கண்டது, மார்க்க அறிஞர்கள் இதில் ஒருமித்தவர் அல்லர் என்பது. எங்கள் கரிசல் நாட்டு ராவுத்தர் மக்கள் பெரும்பாலும் ஹனபி வழியினர். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பரஸை முன்னிட்டு மண உறவை முறிக்கும் உரிமையைக் கணவனுக்கும் தரவில்லை, மனைவிக்கும் தரவில்லை. அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் மனைவிக்கு மட்டும் தந்தார்கள். கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாபிஈ வழியில் அவ்வுரிமை இருபாலார்க்கும் உண்டு. ஹனபி வழியினர் ஒருவர் கேட்ட கேள்விக்கு ஷாபிஈ நூலை எடுத்து விடை சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் இது சிறு பிழை.

பெரும் பிழை இனித்தான் வருகிறது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தம் 'அல்-உம்மு' என்னும் பெருநூலில் இவ்விரு நோய்களையும், அதாவது தொழுநோயாகிய ஜுதாமையும் வெண்மையாகிய பரஸையும் பற்றிப் பேசுமிடத்துத் தம் கருத்துக்குக் காரணம் காட்டுகிறார்கள். இவை துணைவரிடம் தொற்றுகின்றன என்பது மருத்துவம் அறிந்தோரும் அனுபவம் உடையோரும் கூறும் கூற்று என்பதே அக்காரணம். எத்தனை முறை அந்தப் பக்கத்தைக் கடந்திருப்பேன்! சட்டத்தை மனனம் செய்தேன். அது எந்தத் தூணின்மேல் நிற்கிறது என்று நோக்கவில்லை. அத்தூண் திருமறை வசனமன்று. அக்கால மருத்துவரின் வாக்கு. இமாம் அவர்கள் அதை மறைக்காமல், அவர்கள் சொல்வது இது என்று பொறுப்பைப் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். பின்வந்த பிக்ஹு நூல்களும் ஒருவரிடம் இருப்பது மெய்யாகவே பரஸ்தானா என்பதைத் தேர்ந்த மருத்துவரின் சாட்சியத்தைக் கொண்டே முடிவு செய்யச் சொல்கின்றன. அஃதாவது, ஆலிமுக்கு முன்னே மருத்துவர் பேச வேண்டும். நானோ மருத்துவரைக் கேளாமலே பேசிவிட்டேன்.

அருவருப்பு என்ற இரண்டாவது காரணத்தையும் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா என்று கற்றோர் வினவக்கூடும். உண்மைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த வாரம் அந்த அன்பரையும் அவருடைய மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றேன். அந்நாளில் விருதுநகரில் இத்துறைக்கென்று நாங்கள் அறிந்த மருத்துவர் இல்லை. அறைக்குள் சென்றதும் நடந்த ஒன்றை நான் மறக்கவில்லை. அவர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், கேட்டுக்கொண்டே தம் வெறுங்கையால் அப்பெண்ணின் முழங்கையைப் பற்றித் திட்டின்மேல் விரலை ஓட்டினார். அவ்வளவே. பெண்ணின் தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தன் மகளின் அந்த இடத்தைத் தாயைத் தவிர வேறொருவர் கூசாமல் தொட்டதை அவர் அன்றுதான் கண்டிருக்கிறார். அந்நிய ஆடவர் தொடலாமா என்று கேட்போருக்கு, மருத்துவத் தேவைக்கு அதற்கு இடமுண்டு என்று பிக்ஹு அறிஞர்கள் என்றோ சொல்லிவிட்டார்கள் என்பதே விடை.

பிறகு அவர் ஒரு பஞ்சுத் துளியைத் திரி போல் முறுக்கினார். பெண்ணைக் கண்மூடச் சொல்லித் திட்டின்மேல் மெல்லத் தீண்டினார். "எங்கே தொடுகிறேன், விரலால் காட்டு அம்மா" என்றார். அவள் சரியாகக் காட்டினாள். மற்றொரு திட்டு, அதையும் காட்டினாள். "உணர்ச்சி இருக்கிறது. இது தொழுநோய் அன்று" என்றார். தொழுநோயின் திட்டு வெளிறியிருக்கும், பாலைப் போல் முற்றும் வெண்மையாவதில்லை. அது நரம்பைத் தின்பதால் திட்டில் தொடுவுணர்ச்சி மங்கும். இதுவோ நிறம் மட்டும் இழந்த தோல். நிறத்தை ஆக்கும் அணுக்களை உடலின் காவற்படையே பகைவர் என்று மயங்கித் தாக்கிவிடுகிறது. தொட்டால் ஒட்டாது, உடன் உண்டால் ஒட்டாது, மண உறவாலும் ஒட்டாது. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. ஒரு பஞ்சுத் துளி கால் நிமிடத்தில் முடிவு செய்ததை ஊர் எத்தனை ஆண்டுகளாக முடிவு செய்ய மறுத்துக்கொண்டிருக்கிறது!

குணமாகுமா என்று தந்தை கேட்டார். சுவரெங்கும் நூறே நாளில் குணம் என்று எழுதிவைக்கும் விளம்பர வைத்தியர்களின் ஊரிலிருந்து சென்றவர்கள் நாங்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்கு நிறம் திரும்பும், முகத்தில் எளிதில் திரும்பும், விரல் நுனிகளில் அரிது, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை பல மாதங்கள் ஆகும், மீண்டும் வரவும் கூடும் என்றார். பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்விக்கும் வழுக்கவில்லை. வரவே வராது என்று எழுதித் தர முடியாது, ஆனால் பெரும்பாலோர்க்கு வருவதில்லை என்றார். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் நாங்கள் இத்தகைய நாணயமான இரண்டாம் வாக்கியத்தை எத்தனை முறை சேர்த்துச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

கதிர்ச் சிகிச்சை என்றதும் மேனாட்டுப் புதுமை என்று கருத வேண்டாம். மாலகாவில் பிறந்து 1248இல் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், 'ஆத்ரீலால்' என்னும் பூண்டின் விதையை உட்கொண்டு வெண்திட்டை வெயிலில் காட்டும் முறையை எழுதி வைத்திருக்கிறார். வட ஆப்பிரிக்க பர்பர் குடியினரிடமிருந்து பரவிய மருந்து அது. 1940களில் கெய்ரோவின் தோல் மருத்துவர் அப்துல் முன்இம் அல்-முஃப்தீ அதே பூண்டின் சத்தைப் பிரித்துப் பயன்படுத்தி உலகுக்கு அறிவித்தார். நம் சித்த வைத்தியர் கார்போகரிசியை அரைத்துத் தடவி வெயிலில் நிற்கச் சொன்னதும் இதே வழிதான். இரண்டு விதைகளிலும் இருப்பது ஒரே இனச் சத்து. அளவு தவறினால் தோல் வெந்துவிடும் என்பதால் அந்த அளவைக் கற்றவரிடம் செல்ல வேண்டியிருக்கிறது.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரபு மொழியில் ஜுதாம் வேறு, பரஸ் வேறு. இரண்டும் வேறு வேறு வேர்ச்சொற்கள். தமிழிலோ வெண்மைக்கும் 'வெண்குஷ்டம்' என்று பெயரிட்டு, ஒரு சொல்லாலேயே அதைத் தொழுநோயின் தங்கையாக்கிவிட்டோம். நபி ஈஸா (அலை) அவர்கள் இறைவன் அருளால் நலமாக்கியோருள் 'அப்ரஸ்' என்று திருமறை குறிப்பவரைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவும் வெண்குஷ்டரோகி என்றே பெயர்த்திருக்கின்றன. நானும் அச்சொல்லையே வகுப்பில் சொல்லி வந்தேன். என்முன் அமர்ந்திருந்த மாணவர்களுள் எவன் வீட்டில் எந்தத் தாய்க்கு, எந்தத் தமக்கைக்கு அது இருந்ததோ! இப்போது 'வெண்புள்ளி' என்ற சொல் பரவி வருகிறது. அதைப் பரப்பியவர்கள் அதே வெண்மையை உடலில் தாங்கியவர்கள்தாம். அரபியரிடமும் இந்த விளையாட்டு உண்டு. இஸ்லாத்துக்கு முன் ஹீரா பகுதியை ஆண்ட ஜதீமா என்னும் அரசனுக்கு மேனியில் பரஸ் இருந்தது. அரசனை அப்ரஸ் என்று சொல்ல அஞ்சிய மக்கள் புள்ளியுடையவன் என்னும் பொருளில் 'அப்ரஷ்' என்றும், ஒளியுடையவன் என்னும் பொருளில் 'வள்ளாஹ்' என்றும் அழைத்தனர். முடியுடையவனுக்கு ஒளி, ஏழைப் பெண்ணுக்குக் குஷ்டம்! பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு 868 அல்லது 869) இத்தகையோரைப் பற்றித் தனி நூலே எழுதினார். பரஸ் உடையோர், முடவர், குருடர், மாறுகண்ணர் ஆகியோருள் புகழுடன் வாழ்ந்தோரின் செய்திகளை அதில் தொகுத்திருக்கிறார்.

தொழுநோயை இங்கே தாழ்த்திப் பேசுவதாக யாரும் கொள்ளலாகாது. 'இது தொழுநோய் அன்று' என்று கேட்டு நாங்கள் விட்ட பெருமூச்சிலும் ஓர் அநீதி இருந்தது. அந்நோயாளியும் மனிதரே, அந்நோயும் இன்று மருந்துக்குக் கட்டுப்பட்டது. தமிழ்நாடு இதில் உலகுக்கு வழிகாட்டிய நிலம். செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் பணியாற்றிய இல்லம் பின்னர் மத்தியத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். அவர் கண்ட பெரிய உண்மை அதுவன்று. நோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்தது. அவரோ, விரல்கள் உதிர்வதற்குக் காரணம் வலி தெரியாமையே என்று கண்டார். கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றியது தெரியாது; ஆணி தைத்தது தெரியாது; இரவில் எலி கடித்ததும் தெரியாது. எலியைத் தடுக்க நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்களாம். உறங்கும் மனிதனுக்கு வலி செய்யும் ஊழியத்தை ஒரு பூனை செய்ய வேண்டியதாயிற்று!

மறுமையில் வேதனையைச் சுவைக்கும் பொருட்டுத் தோல்கள் மாற்றப்படும் என்று திருமறை சொல்வது யாவரும் அறிந்ததே. அதிலிருந்து நரம்பியல் பாடம் தேடி எடுத்து மேடையில் முழங்குவோர் கூட்டத்தில் நான் சேரவில்லை. வேதம் அச்சமூட்டச் சொன்னதை நாம் கைதட்டல் வாங்கப் பயன்படுத்துவது முறையன்று. ஆனால் வலியின் வாயில் தோல் என்பதை எங்கள் பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கே 'மருந்து' என்றால் இரண்டு பொருள். ஒன்று நோய் தீர்ப்பது. மற்றொன்று பட்டாசுக் குழாய்க்குள் செலுத்துவது. கந்தகம் இரண்டிலும் உண்டு. ஆலையில் வெடியுப்போடு கலந்து தீயாகும் அதே கந்தகத்தைக் களிம்பாக்கிச் சிரங்குக்குத் தடவியிருக்கிறார்கள் நம் முன்னோரும் மருத்துவரும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகின. தீப்புண் பிரிவில் பணியாற்றிய ஒருவர் என்னிடம் சொன்னார்: அலறுகிறவரைப் பற்றி அவ்வளவு அஞ்சுவதில்லை, இவ்வளவு வெந்தும் வலிக்கவில்லை என்கிறவரைப் பற்றியே அஞ்சுவோம், ஏனெனில் தோலின் ஆழம் வரை எரிந்து நரம்பே போய்விட்டது என்று பொருள்.

உயிர் பிழைத்தவரைப் பல ஆண்டுகள் தாங்குவதும் தோலை அறிந்த மருத்துவமே. ஆயினும் மருத்துவர்களுள் தோல் மருத்துவருக்கு நாம் தரும் இடம் கடைசி. இதய டாக்டர் என்றால் எழுந்து நிற்கிறோம். தோல் டாக்டர் என்றால் முகப்பருவுக்கும் தேமலுக்கும் களிம்பு எழுதுபவர் என்று நகைக்கிறோம். ஒரு காலத்தில் கல்லூரிகளிலேயே இப்பிரிவுக்கு மதிப்பில்லாதிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இதனைத் தனித்துறையாக வளர்த்துத் தலைமுறை தலைமுறையாக மாணவரை உருவாக்கிய பேராசிரியர் ஏ. எஸ். தம்பையா போன்றோரின் உழைப்பால் அந்நிலை மாறியது. உயிரைக் காப்பவருக்கு நன்றி சொல்ல நமக்குத் தெரிகிறது. மனிதன் மனிதர் நடுவே முகம் காட்டி வாழும் வாழ்வைக் காப்பவருக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.

இனி அந்தப் பழைய கேள்வி. சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

சொல்ல வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன். ஒருவரோடொருவர் வாழ்நாளைக் கழிக்கப் போகிறவர்கள் பொய்யின்மேல் வீடு கட்டலாகாது. ஆனால் தானியக் குவியலின் உவமையை நான் எடுத்தது தகாது. தானியம் விற்கப்படும் பொருள். பெண் பொருளல்லள், ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. மாப்பிள்ளை மறு தரப்பு. வாய்மை இருவர்க்கும் பொது என்றால், மாப்பிள்ளையின் சர்க்கரை நோயும், கடனும், கைநீட்டும் கோபமும் அந்த அஸருக்குப் பின் யார் வாயிலிருந்தேனும் வந்தனவா? சிறுநீரகத்தில் உள்ளது மறைந்திருக்கிறது; உள்ளத்தில் உள்ளது அதனினும் மறைந்திருக்கிறது. தோல் மட்டும் பாவம், ஒளிக்க இடமின்றி வெளியே நிற்கிறது.

அருவருப்பு என்ற காரணத்துக்கு வருகிறேன் என்றேன். இயல்பாக எழும் வெறுப்புக்கு ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பர். ஓரளவு ஏற்கிறேன், மனம் ஒப்பாத இடத்தில் மணம் முடி என்று எவரையும் கட்டாயப்படுத்த மார்க்கத்தில் இடமில்லை. ஆயினும் அருவருப்பு முழுவதும் இயல்பன்று. பாதி, கற்பிக்கப்பட்டது. ஒட்டும் என்று நம்பியதால் கூசினோம். ஒட்டாது என்று அறிந்த பின்னும் கூச்சம் பழக்கமாக நின்றுவிட்டது. அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் தமக்கு இந்நோய் இருப்பதை 1993இல் தொலைக்காட்சியில் சொன்னபோது, வெள்ளையராக ஆசைப்பட்டுத் தோலை வெளுத்துக்கொண்டார் என்றே உலகம் ஏளனம் செய்தது. 2009 ஜூன் 25இல் அவர் இறந்தபின் உடற்கூறு ஆய்வு அவர் சொன்னது மெய் என்று காட்டிற்று. செத்த பிறகு நம்பினோம். அவர் மறைந்த ஜூன் 25ஆம் நாளே இன்று உலக வெண்புள்ளி நாளாக இருக்கிறது.

என் தீர்ப்பில் குறைந்துபோன பாதி எது என்று இப்போது தெரிகிறது. சொல் என்று பெண்ணின் தந்தைக்குச் சொன்ன நான், கேட்டவர்க்கு உள்ள கடமையைச் சொல்லவே இல்லை. ஒருவர் நம்பித் தனியே சொன்ன சொல் அமானிதம் என்பது நபிமொழி. மாப்பிள்ளை வீட்டார் மறுத்திருக்கலாம். அது அவர் உரிமை. குழாயடிக்குக் கொண்டுபோக அவர்க்கு உரிமை ஏது? நம்பி ஒப்படைத்த பொன்னை விற்றவனைத் திருடன் என்கிறோம். நம்பி ஒப்படைத்த செய்தியை விற்றவரை அடுத்த வாரம் முன்வரிசையில் அமர்த்தி விருந்து வைக்கிறோம். நான் செய்திருக்க வேண்டியது, தந்தையோடு நானே சென்று, மருத்துவர் எழுதிய தாளைக் காட்டி, இது இன்னது, இது ஒட்டாது, வேண்டாமென்றால் இச்செய்தி இந்த அறையைத் தாண்டலாகாது என்று அவர்களிடம் வாக்கு வாங்கியிருப்பது.

நாட்டின் சட்டமும் மெல்ல மாறியிருக்கிறது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. கணவனுக்குத் தொழுநோய் என்றால் முஸ்லிம் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த காரணம், ஏனைய சமயத்தாரின் திருமணச் சட்டங்களில் இருந்தவற்றோடு சேர்த்து 2019இல் எடுக்கப்பட்டது. மருத்துவர் வாக்கு மாறியதால் சட்டம் மாறியது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தம் சட்டத்தை மருத்துவர் வாக்கின்மேல் வைத்ததை நினைத்துக்கொண்டேன்.

அப்பெண்ணுக்குச் சில ஆண்டுகள் கழித்து மணமாயிற்று. இன்று இரு பிள்ளைகளின் தாய். முழங்கையில் நிறம் ஏறத்தாழத் திரும்பிவிட்டது, புறங்காலில் திரும்பவில்லை. எவரேனும் உற்றுப் பார்த்தால் அவளே முந்திக்கொண்டு, "வெண்புள்ளி, ஒட்டாது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள் என்று அவள் தாய் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் வேறோர் அன்பர் வந்தார். அவருடைய மகனுக்கு உதட்டோரத்திலும் விரல்களிலும் வெண்மை தொடங்கியிருக்கிறது. ஓதிப் பார்க்க வேண்டுமாம். ஓதினேன். பிறகு, "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; இனி மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. மறுநாள் காலை மூவரும் சென்றோம். தோல் நோய்ப் பிரிவின் வாயிலில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னே ஒரு பட்டாசுத் தொழிலாளிப் பெண். விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கரப்பான் படர்ந்த கைகள். இளம் மருத்துவர் ஒருவர், ஒரு பெண், பஞ்சை எண்ணெயில் தோய்த்து அந்தக் கையிலிருந்த வெள்ளிப் பொடியை முதலில் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தார். அடியில் உள்ள தோலின் நிறம் தெரிந்தால்தானே நோயைப் பார்க்க முடியும்.

பெஞ்சில் காத்திருந்தபோது அன்பர் பேச்சுவாக்கில், மகனுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது, அடுத்த பிறையில் நிகாஹ் என்றார்.

"பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விளங்காதவர் போல் பார்த்தார். "அவன் ஆண்பிள்ளை, ஹஜ்ரத்" என்றார்.

உள்ளேயிருந்து எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.